மூன்றாவது படியோடு நின்றுபோன கைப்பிடி

எங்கள் வீட்டு மாடிப்படி வெளியில் இருக்கிறது. கடலூர் கூத்தப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகள் அப்படித்தான். கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம், பக்கச் சுவரை ஒட்டி ஏறும் படிக்கட்டு. கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் மேலே இருக்கிறோம். மொத்தம் 21 படி, நடுவில் மூச்சு வாங்க ஒரு சின்னத் தளம். ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் கைப்பிடி. அந்தக் கைப்பிடி தரை வரைக்கும் வராது. கீழிருந்து மூன்றாவது படியோடு நின்றுவிடும்.

நிறுத்தச் சொன்னது நாங்கள்தான். 2009-ல் வீடு கட்டியபோது, "கீழ வரைக்கும் இழுத்தா வண்டி திருப்ப முடியாது சார், இதோட நிறுத்திக்கலாம்" என்று ரெய்லிங் போட வந்தவர் சொன்னார். கேட்டுக்கு உள்ளே ஸ்கூட்டரைத் திருப்ப இடம் வேண்டுமே என்று நாங்களும் சரி என்றோம். பைப்பும் ரெண்டடி மிச்சம். பதினைந்து வருடம் அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

2024 மார்கழியில்தான் பேச வேண்டி வந்தது. ஃபெஞ்சல் புயல் மழை விட்டு இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். படிக்கட்டு விளக்கின் சுவிட்சில் தண்ணீர் இறங்கி எரியாமல் கிடந்தது. என் மாமியார் நாத்தனார் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அத்தைக்கு 71 வயது. மார்கழியில் வாசலில் அவர்தான் கோலம் போடுவார், என்னை விட மாட்டார். விடியற்காலை ஐந்து மணி, இடது கையில் கோலப்பொடி டப்பா, வலது கை கைப்பிடியில். அத்தைக்குப் படியைப் பார்த்து இறங்கும் பழக்கமே கிடையாது, கைதான் பார்க்கும். பைப் முடிந்தது, கை காற்றில் போனது, தரை வந்துவிட்டது என்று கால் நினைத்துக்கொண்டது. நாத்தனார் வீட்டில் கைப்பிடி தரை வரை வரும். மூன்று மாதத்தில் கை அதற்குப் பழகியிருந்தது. இங்கே இன்னும் இரண்டு படி பாக்கி.

சத்தம் கேட்டு ஓடினேன். வலது மணிக்கட்டை ஊன்றி விழுந்திருந்தார். கோலப்பொடி டப்பாவை மட்டும் விடவில்லை. எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு.

எதனால் விழுந்தார் என்று ஆளாளுக்கு ஒரு காரணம். கீழ்வீட்டு அக்கா, மழையில் பாசி பிடித்துவிட்டது என்றார். என் வீட்டுக்காரர் பல்பைக் குறை சொன்னார். அத்தை, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார். நானும் பிளீச்சிங் பவுடர் போட்டுப் படியைத் தேய்த்தேன், சுவிட்சை மாற்றச் சொன்னேன், எலுமிச்சம்பழமும் சுற்றிப் போட்டேன். கைப்பிடி என் நினைவுக்கே வரவில்லை.

அதை நினைவுபடுத்தியது நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி. அத்தையை விசாரிக்கப் போன் செய்தவன், "அக்கா, உங்க வீட்டுக் கைப்பிடி எங்க முடியுது?" என்று கேட்டான். எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவன் அந்த வருடம் வீட்டுப் பின்பக்கம் மரத்தில் ஒரு திண்ணை மாதிரி கட்டி, அதிலிருந்து தோட்டத்துக்கு ஐந்து படி வைத்திருந்தான். பார்க்க வந்த அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கைப்பிடியின் இரண்டு முனையும் சரியில்லை, மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று போய்விட்டாராம். அறுத்த கட்டை அறுத்தபடி காற்றில் நீட்டிக்கொண்டிருந்ததுதான் குற்றம். ஐந்து படிக்கு இவ்வளவு கெடுபிடியா என்று தம்பிக்கு அப்போது எரிச்சல். ஆனால் அதற்காக அவன் விதியைப் படித்ததுதான் எங்களுக்கு உதவியது.

அமெரிக்காவில் தனி வீடுகளுக்கென்றே ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது, சுருக்கமாக ஐ.ஆர்.சி. சர்வதேசக் குடியிருப்பு விதி என்று பெயர், ஆனால் அது பெரும்பாலும் அமெரிக்க மாநிலங்கள் தங்கள் மாற்றங்களோடு ஏற்றுக்கொண்டு நடத்துவது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப் பதிப்பு வரும். அதில் ஆர்311.7.8 என்ற பிரிவு முழுக்கக் கைப்பிடியைப் பற்றியது. படிக்கட்டு வீட்டுக்கு உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் ஒரே சட்டம்தான். மேஸ்திரிகள் ரைசர் என்று சொல்லும் படியின் நெட்டு முகம் நான்கோ அதற்கு மேலோ இருந்தால், குறைந்தது ஒரு பக்கமாவது கைப்பிடி வேண்டும். படி விளிம்பிலிருந்து நேர் மேலே 34 முதல் 38 இன்ச்சுக்குள் உயரம் இருக்க வேண்டும். மேல் ரைசருக்கு நேர் மேலே தொடங்கிக் கடைசி ரைசருக்கு நேர் மேல் வரை அறுபடாமல் வர வேண்டும். முனை சும்மா நிற்கக் கூடாது: சுவருக்குத் திரும்பலாம், தரைக்கு இறங்கலாம், தன்மீதே வளைந்து சேரலாம், அல்லது ஒரு தூணில் போய் முடியலாம்.

"மூணாவது படியில நிறுத்தினது இங்கன்னா அங்கேயே ஃபெயில்" என்றான். மேல் முனையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். அனுப்புவதற்காகப் போய்ப் பார்த்தபோதுதான் நானே அதைச் சரியாகப் பார்த்தேன்.

முதலில் போட்டபோது மேல் முனை சுவரில்தான் புதைந்திருந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது பக்கத்து வீட்டு மாமரக் கிளை விழுந்து அதைப் பிய்த்துவிட்டது. அந்த நேரத்தில் கடலூரில் வெல்டர் கிடைத்ததே பெரிய விஷயம். வந்தவர் வளைந்த பாகத்தை அறுத்துப் போட்டு, முனையில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்றைத் தட்டிவிட்டுப் போனார். மூடி எந்த வருடம் விழுந்ததோ தெரியாது. இப்போது அங்கே இரண்டு இன்ச் அகலத்தில் ஒரு வாய். அறுத்த விளிம்பில் பிசிறு அப்படியே இருந்தது, விரலை வைத்தால் தோலைக் கீறும். உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது. வாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்துக்குத் தேநீர் வழிந்த மாதிரி துருக்கறை. அந்த வாயில் என் பருத்தித் துப்பட்டாவின் நூல் இரண்டு மூன்று சுற்றியிருந்தது.

அது எந்தத் துப்பட்டா என்று எனக்குத் தெரியும். முந்தின வருடம், கேஸ் சிலிண்டர்காரர் கீழே மணி அடித்தார் என்று வேகமாக இறங்கியபோது, பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி கழுத்து இறுக்கியது. அவிழ்த்துவிட்டுச் சனியனே என்று திட்டிவிட்டுப் போனேன், அவ்வளவுதான். தம்பியிடம் சொன்னேன். முனையைத் திருப்பச் சொல்வதற்குக் காரணமே அதுதான் என்றான். சட்டைக்கை, பைப்பட்டி, தீயணைப்பு வீரர் இழுத்துக்கொண்டு ஓடும் குழாய், எதுவும் மாட்டக் கூடாது. அவர்கள் ஊரில் கோட்டுக்கும் பைக்கும் இந்தக் கவலை. முந்தானையும் துப்பட்டாவும் வேட்டி நுனியும் பறக்கிற நம் ஊரில் எத்தனை கவலைப்பட வேண்டும்!

சரி, நம் நாட்டில் விதி இல்லையா? இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தேசியக் கட்டட விதித் தொகுப்பு 2016, வீட்டுப் படிக்கு ரைசர் 190 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, மிதிக்கும் அகலம் 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் தடையில்லாத கட்டடங்கள் பற்றி மத்திய அரசின் வழிகாட்டி நெறிகள் 2016-லும் 2021-லும் வந்தன. அவற்றில் கைப்பிடி 760, 900 மி.மீ. என இரண்டு உயரத்தில் வைக்கச் சொல்கிறார்கள். படி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் 300 மி.மீ., அதாவது ஓரடி, கைப்பிடி கூடுதலாக நீள வேண்டும். அமெரிக்காவிலும் பொதுக் கட்டடங்களுக்கு மேலே 12 இன்ச், கீழே ஒரு படி அகலம் நீட்டச் சொல்லும் விதி உண்டு. தனி வீட்டுக்குத்தான் அந்த நீட்டலிலிருந்து விலக்கு. இங்கே அந்த வழிகாட்டி நெறிகள் பொதுக் கட்டடங்களை மனத்தில் வைத்து எழுதியவை. எங்கள் வீட்டுப் பிளான் அப்ரூவல் ஆனபோது வீட்டைச் சுற்றி விடும் இடம், அதாவது செட்பேக், எத்தனை அடி, மழைநீர்த் தொட்டி எங்கே என்றெல்லாம் கேட்டார்கள். கைப்பிடியின் முனை எங்கே முடிகிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததால் நாங்களும் யோசிக்கவில்லை.

மாசியில் வேலையைத் தொடங்கினோம். டேப்பை எடுத்து முதலில் எல்லாப் படியையும் அளந்தேன். இதை எல்லாரும் ஒருமுறை செய்து பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். எங்கள் ரைசர் எல்லாம் ஏழு இன்ச், ஒன்றிரண்டு ஏழேகால். கடைசிப் படி மட்டும் நாலரை! 2017-ல் வாசலில் பேவர் பிளாக் போட்டபோது தரை உயர்ந்து, கடைசிப் படியின் உயரம் குறைந்திருக்கிறது. ஒரே படிக்கட்டில் உயரமான ரைசருக்கும் குட்டையான ரைசருக்கும் வித்தியாசம் முக்கால் இன்ச்சில் பாதி, அதாவது மூன்று நூலுக்கு (எட்டு நூல் ஒரு இன்ச்) மேல் இருக்கக் கூடாது என்பது ஐ.ஆர்.சி. கணக்கு. எங்களுடையது இருபது நூலைத் தாண்டியது. மேஸ்திரி லாபம் நஷ்டம் பார்த்து ஒற்றைப்படையில் 21 வைத்தார், பேவர் பிளாக்காரர் வந்து அதை இருபதரையாக்கிவிட்டார். படிக்கு முன்னால் இருந்த பேவர் பிளாக்கை நாலடிக்கு நாலடி எடுத்து, தரையை இறக்கிச் சரிவு கொடுத்தோம். தண்ணீர் தேங்காமல் ஓரமாக ஒரு சின்ன வாய்க்கால்.

அப்புறம்தான் ஸ்கூட்டர் சண்டை. கைப்பிடியைத் தரை வரை கொண்டுவந்து அதற்கு மேலும் ஓரடி நீட்ட வேண்டும் என்றேன். "அப்ப வண்டிய தலையில வெச்சிக்கிறதா?" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, கேட்டுக்கும் படிக்கும் நடுவில் நாலடிதான் இடம். ஒரு நாள் முழுக்கச் சாக்பீஸால் தரையில் கோடு போட்டு ஸ்கூட்டரைத் திருப்பிப் பார்த்தோம். கடைசியில் இரண்டு பக்கத்தையும் வேறு வேறாகச் செய்தோம். வெளிப்பக்கக் கைப்பிடி கடைசி ரைசருக்கு நேர் மேல் வரை வந்து, அங்கேயே கீழே வளைந்து தன் தூணிலேயே சேர்ந்துவிடும். சுவர்ப்பக்கம் புதிதாக ஒரு கைப்பிடி, அது மட்டும் ஓரடி கூடுதலாக ஓடிச் சுவருக்குள் திரும்பும். சுவரை ஒட்டி இருப்பதால் வண்டிக்கு இடைஞ்சல் இல்லை. இதனால் இரண்டு பக்கமும் பிடி கிடைத்தது. கட்டுப் பிரித்தும் வலது கையால் அழுத்திப் பிடிக்க முடியாமல் இருந்த அத்தை மேலே ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது இன்னொரு பக்கமும் பிடித்தார். இரண்டு பக்கமும் கைப்பிடி எதற்கு என்று அப்போது தெரிந்தது.

வெல்டர் தம்பிக்கு நான் சொன்னது முதலில் விளங்கவில்லை. போனில் படம் காட்டினேன். "முடிவுல ஒரு பால் வெச்சிடலாங்கா, அழகா இருக்கும்" என்றார். உருண்டை வைத்தால் கை அங்கே பைப்பை விட்டுவிட்டுத்தான் தாண்ட வேண்டும். கோயில் படியில் பக்கவாட்டில் கல்லில் யானைத் துதிக்கை கீழே இறங்கி, தரைக்கு வந்ததும் உள்பக்கமாகச் சுருண்டு நிற்குமே, அது மாதிரி என்றேன். "அட, அத சொல்லுங்க!" என்று உடனே கையால் காற்றில் வளைத்துக் காட்டினார். அமெரிக்க விதியிலும் கடைசிப் படிமேல் சுருண்டு முடியும் கைப்பிடிக்குத் தனியாக அனுமதி உண்டு. தாராசுரத்தில் கல்தச்சன் எட்டு நூற்றாண்டுக்கு முன்னாலேயே முனையைக் காற்றில் விடாமல் சுருட்டி வைத்துவிட்டான்.

பைப் வாங்கும்போது கற்றுக்கொண்டது கொஞ்சம். எஸ்.எஸ்.ஸில் தரத்துக்குத் தரம் ஒரு எண் உண்டு, பழையது 202 கிரேடு. கடற்கரை ஊரில் உப்புக்காற்றுக்கு அது தாங்காது, தேநீர்க்கறை அதனால்தான். குறைந்தது 304 போடுங்கள். கடலை ஒட்டியே வீடு என்றால், மாலிப்டினம் கலந்த 316 தான் சரி, விலை கூடும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எஸ்.எஸ். என்று கடையில் காட்டுவார்கள், நம்ப வேண்டாம். 202-லும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள். பருமனும் முக்கியம். பழைய பைப் இரண்டு இன்ச், அத்தையின் கை அதைச் சுற்றி மூடாது. ஐ.ஆர்.சி. வட்டப் பைப்புக்கு ஒன்றேகாலிலிருந்து இரண்டு இன்ச் வரை அனுமதிக்கிறது, நாங்கள் ஒன்றரை எடுத்தோம். எஸ்.எஸ். பைப்பில் ஒன்றரை என்றால் வெளி அளவு, 38 மி.மீ. ஜி.ஐ. பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்பில், ஒன்றரை என்று கேட்டால் வெளியே 48 மி.மீ. வரும், ஏனென்றால் அது வேறு கணக்கு. ஜி.ஐ. போடுபவர்கள் கையில் பிடித்துப் பார்த்தே வாங்குங்கள். உயரம் 35 இன்ச் வைத்தோம், இரண்டு நாட்டு அளவுக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது.

வேலை நடந்த அன்று நான் கூடவே நின்றேன். நின்றது நல்லதாகப் போயிற்று. சுவருக்குத் திரும்பிய முனையை வெல்டர் சுவருக்கு இரண்டு விரல் முன்னாலேயே நிறுத்தி மூடி போட்டார். பார்க்கத் திரும்பிய மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்தச் சந்தில் புடவை நன்றாகவே மாட்டும். சுவரைத் தொடும் வரை ஒரு துண்டு சேர்த்து, வட்டத் தகடு வைத்து மூடச் சொன்னேன். சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் கை போக ஐ.ஆர்.சி. ஒன்றரை இன்ச் கேட்கிறது, நாங்கள் 50 மி.மீ. விட்டோம், சிமெண்ட் பூச்சு கரடாக இருந்தால் விரல்முட்டி உரசும். தாங்கிகளைப் பைப்புக்குப் பக்கவாட்டில் ஒட்ட இருந்தார். அடியிலிருந்து பிடிக்கும்படி மாற்றினோம். பக்கவாட்டில் ஒட்டினால் நாலடிக்கு ஒருமுறை கை தட்டும். வெல்டிங் முடிந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மேலிருந்து கீழ் வரை ஓட்டினேன். இரண்டு இடத்தில் உறுத்தியது, மறுபடி கிரைண்டர், மறுபடி பஃபிங். அவர் முகம் கோணியது, ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கடைசியாகப் பலம் பார்ப்பது. ஐ.ஆர்.சி.யில் கைப்பிடியின் எந்த இடத்திலும், எந்தத் திசையிலும் 200 பவுண்டு தாங்க வேண்டும் என்று இருக்கிறது. கிட்டத்தட்ட 90 கிலோ. அந்த எடைக்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே பொருள் என் வீட்டுக்காரர். ஒவ்வொரு தாங்கி இருக்கும் இடத்திலும் தொங்கச் சொன்னேன். கீழ்வீட்டுப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். மேலிருந்து நான்காவது தாங்கி லேசாக ஆடியது. போல்ட், செங்கல்லில் ஏறாமல் இரண்டு செங்கலுக்கு நடுவில் கலவையில் போயிருக்கிறது. அதைக் கழற்றி, ஓட்டையை அடைத்து, ஒரு சாண் தள்ளிச் செங்கல் நடுவில் துளை போட்டார். ஓட்டை போட்ட எல்லா இடத்திலும் சிலிக்கான் பூசச் சொன்னேன், இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் கீழ்வீட்டுச் சுவர் ஓதம் காத்துவிடும்.

எல்லாம் சேர்த்து கொஞ்சம் பெரிய தொகையாகிவிட்டது. சுவர்ப்பக்கப் பைப்பையும் பேவர் பிளாக் வேலையையும் தள்ளி, இரண்டு முனையையும் சரி செய்ததற்கு மட்டும் 6,800 ரூபாய். 2009-லேயே சொல்லியிருந்தால் அந்த ரெண்டடிப் பைப்போடும் இரண்டு வளைவோடும் போயிருக்கும். ஆனால் அன்று எங்களுக்குச் சொல்லத் தெரியாது. வெல்டர் கேட்டாலும், "வழக்கமா எப்படிப் போடுவீங்களோ அப்படியே" என்றுதான் சொல்லியிருப்போம்.

அத்தை இப்போது தனியாகத்தான் இறங்குகிறார். கீழே வந்ததும் பைப் வளைகிற இடத்தில் கை ஒரு கணம் நிற்கிறது, அப்புறம்தான் கால் தரையில் படுகிறது. நடுத்தளத்தில் பழைய உருண்டை ஒன்று மட்டும் இன்னும் மிச்சம், அங்கே கையை எடுத்துத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. பொங்கல் முடிந்ததும் வந்து எடுத்துவிடுகிறேன் என்று வெல்டர் தம்பி சொல்லியிருக்கிறார். எந்தப் பொங்கல் என்று நானும் கேட்கவில்லை.